மெச்சு வழிந்த ஊர்

செம்பனூத்தில் பாராட்டு முதன்முதலாக வாயிலிருந்து கொழகொழவென்று இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில். வர்த்தகர் சங்கத் தலைவரும் ஏலக்காய் மண்டி முதலாளியுமான அழகர்நம்பி மைக்கைப் பிடித்து, "இப்படி ஒரு தலைமையாசிரியர் கிடைக்க இந்த ஊரு குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி முடித்தபோது, அவருடைய கீழுதட்டிலிருந்து இளமஞ்சள் நிறத்தில், ஆறிப்போன கஞ்சியின் பதத்தில் ஒன்று நூலாக நீண்டு, தலைமையாசிரியரின் தோளில் பொத்தென்று விழுந்து, சட்டைப்பைக்குள் இருந்த பேனாவை மூடிக்கொண்டு கீழே வழிந்தது. தலைமையாசிரியர் துடைக்கவில்லை. கூட்டம் கை தட்டியது. அடுத்து அவர் எழுந்து மண்டிக்காரரைப் புகழ்ந்தார், அவர் வாயிலிருந்தும் இறங்கியது, மண்டிக்காரரின் நெஞ்சில் அப்பியது, பிறகு வழக்கம்போல நன்றியுரை நடந்தது, சுண்டல் கொடுத்தார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் யாரை யார் புகழ்ந்தாலும் அது இறங்கியது. அதற்கு மெச்சு என்று பெயர் வைத்தார்கள். புகழ்ச்சி உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை ஊர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தது. பொய்யாகப் புகழ்ந்தாலும் அதே மஞ்சள், அதே கனம், அதே வாடை. பழுத்து வெடித்த பலாப்பழமும் திரிந்த பாலும் கலந்த வாடை. தண்ணீரில் அது போகாது, சோப்புக்கு அசையாது, மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினால்தான் உரியும் என்றார்கள். சுரண்டுவதற்குத்தான் யாருக்கும் மனசில்லை.

மெச்சு படிந்தவர்கள் குளிப்பதை நிறுத்தினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் மாப்பிள்ளையின் முதுகில் நகத்தைப் பதித்து எத்தனை படலம் என்று பார்த்தார்கள். பேருந்து நிலையத்தில் நாய்கள் அதை நக்கின, நக்கிவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தன. ஈக்கள் வந்தன, ஈ ஓட்டும் மயிரிழைக் குச்சி விற்கும் கடைகள் வந்தன, ஈ அதிகம் மொய்க்கிறவரைப் பார்த்துப் பெரிய மனுசர் என்று வழிவிட்டார்கள். வெளியூர்ப் பேருந்து ஓட்டுநர்கள் செம்பனூத்து எல்லை வந்ததும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்குப் பொறாமை என்று ஊர் இரங்கியது. ஒரு தபால்காரர், யாரிடமும் நல்ல பேரோ கெட்ட பேரோ வாங்காதவர், செத்துப்போனபோது வெறும் தோலோடு அனுப்பக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பிணத்தைப் புகழ்ந்தார்கள். முகம் தெரியாத அளவுக்குப் புகழ்ந்து தூக்கிக்கொண்டு போனதில், சுடுகாட்டில் நெருப்பு பிடிக்கவே இல்லை. மறுநாள் மதியம் வரை புகைந்துகொண்டே கிடந்தார்.

அந்த ஊரில் வேலுத்தாய் வெல்டிங் பட்டறை வைத்திருந்தாள். கம்பம் டவுனில் ஒரு பட்டறையில் ஆறு வருசம் வேலை பழகிவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தமாகப் போட்டது. அவள் புருசன் பவுன்ராசு மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினான். முதல் வருசம் முழுக்கப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பட்டறை வாசலில் நின்று, "பொம்பளை பத்த வச்சது நிக்குமா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் பற்ற வைத்தது நின்றது, ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்வதற்கு ஆள் இல்லாத வேலை பாதி வேலைதான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கைக்கு வேலை தெரியும், காதுக்குத்தான் பசி.

அந்தப் பசியை முதலில் தீர்த்தவர் மண்டிக்காரர். தன் வீட்டுக்கு மயில் வைத்த இரும்புக் கேட் ஒன்று செய்யச் சொன்னார். செய்து மாட்டியதும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "உன் கையில கலை இருக்கும்மா" என்றார். அவர் எந்நேரமும் ஏலக்காய் மெல்லுகிறவர். ஆகையால் அவருடைய மெச்சு ஏலக்காய் மணத்தது, ஊரிலேயே அதற்குத்தான் மதிப்பு அதிகம். அது வேலுத்தாயின் உச்சந்தலையில் விழுந்து, வகிட்டில் இறங்கி, இரண்டு காதையும் அடைத்தது. அவள் நேர் வழியில் வீட்டுக்குப் போகாமல் மூன்று தெரு சுற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதைச் செய்தாலும் அதில் மயில் இருந்தது. மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்புக் கேட்டவர்களுக்கு மயில், கிணற்று மூடிக்கு மயில், ஜன்னல் கம்பிக்கு மயில். சில கேட்டுகளைத் தோகை இடித்துச் சாத்தவே முடியவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, சாத்தாத கேட்டின் முன்னால் நின்று புகழ்ந்தார்கள். அவள் கூந்தல் இறுகிப் பாறையானது. கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. பவுன்ராசு சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான், பிறகு படுக்கையையும் ஜீப்புக்கு மாற்றிக்கொண்டான். "வாடை தாங்கல வேலு" என்று ஒரு நாள் சொன்னான். "உங்களுக்குப் பொறாமை" என்றாள் அவள்.

செம்பனூத்துக்கும் கீழத்தோப்புக்கும் நடுவே கருப்போடை ஓடியது. முப்பத்திரண்டு அடி அகலம். மலையில் மழை பெய்தால் கால் மணி நேரத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்துவிடும், ஐப்பசியில் வாரக்கணக்கில் வடியாது. கடையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் செம்பனூத்துப் பக்கம் இருந்தன. போன ஐப்பசியில், காய்ச்சல் மருந்து வாங்க ஓடையில் இறங்கிய பேச்சி என்கிற கீழத்தோப்புப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து மதகில் கிடைத்தாள்.

பேச்சியின் அக்கா ஒச்சம்மாள் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவள். அவள் யாரையும் புகழ்ந்ததில்லை, அவளை யாரும் புகழ்ந்ததில்லை, ஆகையால் ஊரில் அவள் ஒருத்திதான் வெறும் தோலோடு நடமாடினாள். மெச்சை மெச்சு என்று சொல்லாதவளும் அவள் ஒருத்திதான். "கோழைன்னா கோழைதான், அதுக்கு என்ன பேரு வேண்டிக் கெடக்கு" என்பாள். தை மாதம் அவள் பட்டறைக்கு வந்தாள்.

"ஏடி வேலுத்தாயி, எங்களுக்கு ஒரு பாலம் போட்டுக் குடு. அந்தண்டை இடிச்ச எண்ணெய் மில்லு இரும்பு கெடக்கு, நாங்க சொமந்து குடுக்குறோம். மயிலெல்லாம் வேணாம். நடந்தா நிக்கணும்."

"போட்டுருவோம்க்கா" என்றாள் வேலுத்தாய். சொல்லும்போதே, இரண்டு கரையிலும் கூடி நிற்கும் கூட்டம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

கீழத்தோப்பு ஆட்கள் பழைய குழாய்களையும் ஆங்கிள் இரும்புகளையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஓடைக்கரையில் வைத்து வேலை செய்வதுதான் சுலபம். ஆனால் வேலுத்தாய் பட்டறை வாசலில், பேருந்து நிலையம் முழுக்கப் பார்க்கும்படி வைத்துச் செய்தாள். தினமும் கூட்டம் கூடியது. "பொம்பளைச் சிங்கம்" என்றார் ஒருவர், பொத்தென்று விழுந்தது. "இதை வெளிநாட்டுல செஞ்சிருந்தா தூக்கி வச்சுக் கொண்டாடுவான்" என்றார் இன்னொருவர், அதுவும் விழுந்தது. அவள் தலையில் விழுந்தது, வெல்டிங் ராடில் விழுந்தது, பற்ற வைக்க வேண்டிய மூட்டுகளில் வழிந்து உட்கார்ந்தது. முதலில் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பற்ற வைத்தாள். ஒரு நாள் மண்டிக்காரரே வந்து நடு மூட்டின்மேல் குனிந்து புகழ்ந்தார். அவர் நின்றுகொண்டிருக்கும்போது அவர் போட்டதை எப்படித் தேய்ப்பது? அப்படியே பற்ற வைத்தாள். இரும்பு படபடவென்று பொரிந்தது, பால் தீய்ந்த வாடையோடு புகை வந்தது, மூட்டில் கொப்புளங்கள் கிளம்பின. அழுக்கு இரும்பில் பிடிப்பு இருக்காது என்று அவள் கைக்குத் தெரியும். அவள் அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தாள்.

வைகாசியில் திறப்பு விழா வைத்தார்கள். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான், மற்றதெல்லாம் பாறை. பாலத்தின் இரு முனையிலும் இரண்டு மயில்கள் தோகை விரித்து நின்றன. மண்டிக்காரர் முக்கால் மணி நேரம் பேசினார், அவர் பேசப் பேசப் பாலத்தின் கைப்பிடியெல்லாம் மஞ்சளாகச் சொட்டியது. ஒச்சம்மாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, "பேசி முடிஞ்சுதா, நடக்கலாமா" என்று கேட்டாள். முதல் ஆளாக அவள்தான் ஏறினாள். நடுப்பாலத்துக்கு வந்தபோது, பெயிண்ட் அடித்த அந்த நடு மூட்டு ஒரு சத்தமும் இல்லாமல், வெந்த கிழங்கு உதிர்வதுபோல விட்டுப்போனது. ஒச்சம்மாள் பாறைமேல் விழுந்தாள். தொடை எலும்பு முறிகிற சத்தம் மட்டும் இரண்டு கரைக்கும் கேட்டது.

கூட்டம் கரையோரமாக எட்டிப் பார்த்தது. பிறகு மண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "விழுந்தாலும் எவ்வளவு நேர்த்தியா விழுந்திருக்கு பாருங்க. ரெண்டா ஒடிஞ்சிருக்கு, ஒரு விரக்கடை அளவு பிசகல" என்றார். விழுந்தது மெச்சு. "ஒடிஞ்சதிலயும் ஒரு கலை தெரியுது" என்றார் தலைமையாசிரியர். பிறகு எல்லோரும் வேலுத்தாயைச் சுற்றிக்கொண்டார்கள். "மனச விட்றாத தாயி, உன்னை மாதிரி உண்டா" என்று ஒரே குரலில் புகழ்ந்தார்கள், கீழே ஒச்சம்மாள் பேச்சி பேரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தாள், மேலே மெச்சு கொட்டிக்கொண்டே இருந்தது, கண்ணை மூடியது, மூக்கை அடைத்தது, வேலுத்தாய் மூச்சுக்காக வாயைத் திறந்தபோது ஒரு கவளம் உள்ளே போனது.

அதுவரை அவள் அதை ருசித்ததில்லை. முதலில் இனித்தது. அடுத்த நொடியில் யாரோ துப்பிச் சேர்த்துவைத்த எச்சிலை நாள்கணக்கில் மூடி வைத்துத் திறந்தது மாதிரி இருந்தது. அங்கேயே, மண்டிக்காரரின் செருப்புக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள், எடுத்துக்கொண்டே கூட்டத்தை முட்டித் தள்ளி ஓடைக்குள் இறங்கினாள்.

பவுன்ராசு ஜீப்பை ஓடைக்குள்ளேயே இறக்கினான். தேனி போகிற வழியெல்லாம் ஒச்சம்மாளின் காலை மடியில் தாங்கிக்கொண்டு வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாடி? அது நிக்காதுன்னு?"

"தெரியும்க்கா" என்றாள் வேலுத்தாய். "மேல பெயிண்ட் அடிச்சிட்டேன்."

ஒச்சம்மாள் முகத்தை ஜீப்பின் தார்ப்பாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் வேலுத்தாய் ஓடைக்குப் போய் விட்டுப்போன நடு மூட்டை எடுத்துவந்து, கொல்லையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தாள். உள்ளே சொத்தைப்பல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அந்த மஞ்சள் இன்னும் காயாமல், பளபளவென்று, ஏலக்காய் மணத்தோடு இருந்தது. வெயில் தலைக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்ணெண்ணெய்ப் புட்டியையும் கம்பி பிரஷையும் எடுத்தாள்.

அது ஒரு நாளில் முடிகிற வேலையாக இல்லை. முடியை வெட்டி எறிந்தாள். படலம் படலமாகச் சுரண்டினாள், ஒவ்வொன்றும் யாருடையது, எந்தக் கேட்டுக்கு விழுந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது, சிலதைச் சுரண்டும்போது கை தயங்கியது. தோலோடு பிய்ந்து வந்தது, இரத்தம் கசிந்தது. உரித்துப் போட்டது மூன்று வாளி நிறைந்தது. உள்ளே புழுக்கள் இருந்தன, மயிர் இருந்தது, போன வருசத்து ஈக்கள் சிறகோடு இருந்தன. பவுன்ராசு மூக்கைப் பொத்திக்கொண்டு குழி வெட்டிப் புதைத்தான். நான்காம் நாள் கடைசிப் படலம் போனபோது, அவள் தோல் வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல வெளுத்துச் சுருங்கி இருந்தது.

"இப்பத்தான் உன் மூஞ்சி தெரியுது" என்றான் பவுன்ராசு. சொன்னதும் பயந்துபோய் வாயைப் பொத்தினான். அவன் கையை விலக்கிப் பார்த்தாள், ஒன்றும் இறங்கவில்லை. தெரிந்ததைத்தான் சொல்லியிருந்தான். அன்றைக்கு அவன் தட்டோடு வாசலுக்குப் போகவில்லை.

ஊருக்கு அவளைப் பார்க்கவே கூசியது. தெருவில் அவள் வந்தால், துணியில்லாமல் வருகிறவளைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடுத்ததை உரித்துப் போட்டவள், திமிர் பிடித்தவள் என்றார்கள். பட்டறைக்கு வேலை வருவது நின்றது. அவளுக்கும் அது லேசாக இல்லை. தோல் அரித்தது. ஒரு நாள் தன்னை அறியாமல் மண்டி வாசல் வரை நடந்துபோய், அவர் கண்ணில் படும்படி நின்றாள், அவர் தலை நிமிர்த்தும் நேரத்தில் திரும்பி ஓடிவந்தாள். இன்னொரு நாள் பேருந்து நிலையத்தில், எந்தப் பேருந்திலும் ஏறாமல், யாராவது ஒருவர் ஏதாவது சொல்லமாட்டார்களா என்று அரை நாள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுநாள் பட்டறைச் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டி கீழத்தோப்புக்குப் போனாள்.

கீழத்தோப்பில் அவளுக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒச்சம்மாள் கட்டிலில் கிடந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"பாலம் போட."

"யாரு கேட்டா?"

"நீதான்க்கா கேட்டே. அது இன்னும் முடியல."

ஒச்சம்மாள் அவளுடைய வெட்டிய தலையையும் புண்ணான கைகளையும் பார்த்தாள். "கரண்டு வேணும்னா எங்க வீட்டுல இழுத்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆனியும் ஆடியும் ஆவணியும் வேலுத்தாய் ஓடைக்கரையில் கிடந்தாள். பழைய பாலத்தைத் துண்டு துண்டாக அறுத்தாள். மயில்களைப் பிரித்து அந்தக் கம்பியைக் குறுக்குச் சட்டத்துக்குப் போட்டாள். ஒவ்வொரு முனையையும் இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தாள், பற்ற வைத்தாள், மேலே படிந்த கசடைத் தட்டினாள், பிறகு பெரிய சுத்தியலை எடுத்துத் தன் மூட்டைத் தானே உடைக்கப் பார்த்தாள். உடைந்ததை மறுபடி போட்டாள். நல்லா இருக்கிறதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. முதலில் அவள் கண் அடிக்கடி கரைப்பக்கம் போனது. பிறகு எப்போது போகாமல் விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

புரட்டாசியில் மண்டிக்காரர் வந்தார். பாலம் பாதிக்குமேல் எழும்பியிருந்த சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள், ஈக்கள் அவர்களுக்கு முன்னால் வந்தன. இப்போது அவர் மெச்சின் கனத்தில் கையை மடக்க முடியாமல் அகட்டி வைத்துக்கொண்டு நடந்தார். பாலத்தின் முனையில் கால் வைத்து, "இந்தப் பொண்ணைப் பத்தி நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தார்.

வேலுத்தாய் முகத்தை மறைத்த கண்ணாடி மூடியைத் தூக்கினாள். "ஐயா, அங்கிட்டு மணல்ல நின்னு சொல்லுங்க. இரும்புல பட்டா மறுபடி சுரண்டணும்."

"நான் ஒரு வார்த்தை சொன்னா ஊரே உன் பின்னால நிக்கும்மா."

"நின்னாங்கய்யா. ஒச்சம்மாக்கா விழுறப்பவும் பின்னாலதான் நின்னாங்க."

மண்டிக்காரருக்கு வாய் நிறைந்துவிட்டிருந்தது. புகழ ஆரம்பித்த வார்த்தையைப் பாதியில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, உதட்டோரமாக வழிந்து அவர் வேட்டியிலேயே விழுந்தது, மிச்சத்தை விழுங்கப் போய்ப் புரையேறி, பின்னால் வந்தவர்கள் முதுகில் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். தட்டும்போதும், "ஐயா மாதிரி யாரால இருமமுடியும்" என்று ஒருவர் சொன்னதும் அது சொத்தென்று விழுந்ததும் வேலுத்தாய்க்குக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி மூடியை இறக்கிக்கொண்டாள்.

கடைசி மூட்டு முடிந்த அன்று, சுத்தியலால் ஓங்கி அடித்தாள். இரும்பு கணீரென்றது. இன்னும் ஓங்கி அடித்தாள், அசையவில்லை. 'நான் ஒருத்தி போட்டது' என்று அவள் மனசுக்குள் ஒரு வார்த்தை கிளம்பியது, 'எவளால முடியும்' என்று அடுத்த வார்த்தை வருவதற்குள் தொண்டைக்குள் கொழகொழவென்று ஒன்று ஏறியது. அவள் அதை மணலில் காறித் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பக்கத்து மூட்டைத் தட்டிப் பார்க்கப் போனாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மலையில் மழை இறங்கியது. விடிந்தபோது ஓடை செந்நிறத்தில் கரை தொட்டு ஓடியது, வேரோடு ஒரு மரம் வந்து பாலத்தின் காலில் மோதித் திரும்பிப்போனது. கீழத்தோப்பு ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் ஏறினார். பிறகு ஒரு பெண் பால் தூக்கோடு ஏறினாள். பிறகு அவர்கள் அதைப் பாலம் என்று நினைப்பதையே விட்டுவிட்டார்கள், பேசிக்கொண்டே நடந்தார்கள், வெற்றிலைச் சாற்றை எட்டி ஓடையில் துப்பினார்கள். யாரும் வேலுத்தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கரையோரத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளத்தின் அதிர்வு இரும்பில் எப்படி ஏறுகிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கம்பை ஊன்றிக்கொண்டு ஒச்சம்மாள் வந்தாள். நடுப்பாலத்தில் நின்றாள். தங்கச்சி போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தாள், மறுபடி போய் மறுபடி வந்தாள். வேலுத்தாய் மேலே ஏறி வந்ததும் சொன்னாள்.

"கைப்பிடி ஒசரமா இருக்குடி. எனக்கு வாட்டமா இல்ல."

"எத்தனை விரக்கடை எறக்கணும்க்கா?"

"நாலு எறக்கு. அந்தண்டை சரிவுல மழைக்கு வழுக்குது, குறுக்கக் கம்பி வை. அப்புறம் வந்து சோறு தின்னுட்டுப் போ."

அன்றைக்கே கைப்பிடியை இறக்கினாள்.

செம்பனூத்து மாறவில்லை. அந்தத் தீபாவளிக்கு மண்டிக்காரரைச் சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்து நாள் முழுக்கப் புகழ்ந்தார்கள், சாயங்காலம் அவர் எது நாற்காலி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆட்கள் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் காலையில் மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் குடையோடு வந்தாள். வேலுத்தாய் சரிவில் குறுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பாலத்தில் அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே அக்கரைக்குப் போனாள், எண்ணிக்கொண்டே திரும்பி வந்தாள், குனிந்து பற்ற வைத்த ஒரு மூட்டை விரலால் தடவினாள்.

"நீங்கதான் போட்டதா?"

"ஆமா."

"எங்க ஊர்லயும் ஒரு ஓடை இருக்கு. போன வருசம் ரெண்டு பேர் போயிட்டாங்க."

வேலுத்தாய் ராடைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அகலம் எத்தனை அடி?" என்று கேட்டாள்.